வெயிலும் விஞ்ஞானமும்

சென்ற கோடையில், மணிநகரில் இட்லி வண்டி வைத்திருக்கும் தமிழ் அக்கா ஒருவரிடம் என் ஆராய்ச்சியைப் பற்றிச் சற்றுப் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அகமதாபாதின் இருபது ஆண்டு வெப்ப அளவுகளை வரைபடமாகத் தீட்டியிருந்தேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் பகல் வெயில்தானே? பகலிலே மரத்தடியிலே வண்டியை நிறுத்திக்குவேன். ராத்திரி வீட்டுக்குள்ளே படுக்க முடியலையே, அது இந்தப் படத்திலே எங்கே இருக்கு?"

எங்கும் இல்லை. பகலின் உச்ச வெப்பத்தை மட்டுமே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் ஏறிய சூட்டை உடல் இரவில் தணித்துக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் காய்ந்த சுவர்கள் இரவில் அனலை வெளிவிட்டால் அந்த ஓய்வு கிடைக்காது. நான் படித்த பாடம்தான். ஆயினும் அவர் கேட்கும் வரையில் எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடு விடுதிக்குத் திரும்பினேன்.

உலகின் வெப்பநிலை உயர்ந்து வருகிறது. அதைத் தடுக்கும் முயற்சி ஒருபுறம் நடக்கட்டும். வந்துவிட்ட வெப்பத்தை எப்படித் தாங்கி வாழ்வது என்பது வேறொரு கேள்வி. இதற்கு விஞ்ஞானி மட்டும் விடை சொல்லிவிட முடியாது. மருத்துவர், நர்ஸ், நகராட்சி அதிகாரி, வெயிலில் உழைப்பவர் ஆகிய எல்லோரும் அவரோடு சேர்ந்து உட்கார வேண்டும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த நகரமே போதும்.

2010 மே மாதத்தில் அகமதாபாதில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிடச் சுமார் 1,344 பேர் அதிகமாக இறந்தனர் என்பது பின்னர் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? இறப்புப் பதிவேடு நகராட்சியிடம் இருந்தது. வெப்பக் கணக்கு வானிலைத் துறையிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வெயிலால் இறந்தவர் பலரின் சாவுக்கு வேறு நோயே காரணமாக எழுதப்படுவது வழக்கம். ஆகவே எந்த ஒரு பதிவேடும் தனியாக இதைச் சொல்லியிராது.

இதன் பின்னர் மாநகராட்சியும், காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும், அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலரும் ஒன்றுகூடினர். குடிசைப் பகுதி மக்களிடம் கேட்டறிந்தனர். மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். 2013-இல் வெப்பச் செயல்திட்டம் பிறந்தது. தெற்காசியாவில் இதுவே முதலாவது என்பர்.

அதன் அமைப்பு எளியது. எந்த அளவு வெப்பத்தில் இந்நகரத்தில் சாவு கூடுகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். அதைக் கொண்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கைகள் வகுக்கப்பட்டன. 45 டிகிரியை எட்டினால் சிவப்பு. எச்சரிக்கை வந்ததும் யார் யாருக்குச் செய்தி போக வேண்டும், எங்கே குடிநீர் வைக்க வேண்டும், மருத்துவமனைகள் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதை நடைமுறை தெரிந்தவர்கள் வகுத்தனர். அளவு ஒருவருடையது, செயல் மற்றவருடையது.

ஓர் எடுத்துக்காட்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகளின் வார்டு மேல்மாடியில் இருந்தது. வெயில் நேரே காய்வது அந்தக் கூரைமீதுதான். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பின்னர் பதிவுகளை ஆராய்ந்தபோது, வெப்பத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வார்டில் நிற்பவரும் கணக்குப் பார்ப்பவரும் பேசிக்கொண்டதே போதுமாயிருந்தது.

2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, திட்டத்துக்குப் பின் ஆண்டுக்குச் சராசரி 1,190 உயிர்கள் காக்கப்பட்டன என்று மதிப்பிட்டது. இது மதிப்பீடே, அத்தனையும் திட்டத்தால் மட்டுமே விளைந்தது என்று நிறுவுவது எளிதன்று. ஆயினும் பல நகரங்கள் இவ்வழியைப் பின்பற்றத் தொடங்கிவிட்டன.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த தமிழர் பலர் மணிநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கிறார்கள். எச்சரிக்கை குஜராத்தியில் வருகிறது. படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்வது யார்? நம் சங்கத்தார் மார்ச் மாதத்திலேயே வீடு வீடாகச் சென்று, எச்சரிக்கை நிறங்களின் பொருளையும் மயக்கம் வந்தால் செய்ய வேண்டியதையும் விளக்கலாம் அன்றோ? 108-க்கு அழைப்பதும், நிழலில் கிடத்தி உடலை நீரால் நனைப்பதும் எவரும் கற்கக்கூடியவையே.

செல்லும்போது சொல்வதோடு நில்லாமல் கேட்டும் வருவோம். அந்த அக்காவின் கேள்விக்குப் பிறகு என் வரைபடத்தில் இரவு வெப்பத்துக்கும் ஒரு கோடு சேர்த்திருக்கிறேன். வரும் கோடைக்கு முன் அதை அவரிடம் காட்டப் போகிறேன். அவர் இன்னும் என்ன கேட்பாரோ!