மாரி காலமும் இளையோரின் முழங்கால் உளைவும்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் முழங்கால் உளைகிறது என்று சொல்பவர்கள் முதியவர்கள் மட்டுமல்லர். இருபது, இருபத்தைந்து வயதினரும் அப்படியே கூறுகின்றனர். “குளிர் பிடித்துவிட்டது” என்று தைலம் பூசி, கடையில் வலிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்கின்றனர். குற்றம் மழையினுடையதுதானா?

மழைக்கும் சிறு பங்கு உண்டு. பிரித்தானியாவில் நாட்பட்ட வலியுள்ள 2,658 பேரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வு, ஈரப்பதன் கூடிக் காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி சற்றுக் கூடுவதைக் காட்டியது. ஆனால் ஈரம் மூட்டை அரிப்பதில்லை. இளையவரின் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதலாவது, வேலை. மாரியில்தான் வயலில் விதைப்பும் களை பிடுங்கலும். மணிக்கணக்காகக் குந்தியிருக்கும்போது முழங்காற் சில்லின் மீது உடல் நிறையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. சேற்றில் கால் புதைய மூட்டை சுமப்பதும், ஆசனம் தாழ்ந்த சைக்கிளை மிதிப்பதும் இதைக் கூட்டும். படி இறங்கும்போதும் குந்தி எழும்பும்போதும் நோவது இதன் அடையாளம்.

இரண்டாவது, நுளம்பு. 2006 இறுதியில் மன்னார், யாழ்ப்பாணம், கல்முனை ஆகிய இடங்களில் சிக்குன்குனியா பரவியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் மாறிய பின்னரும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். சிரட்டை, பழைய ரயர் போன்றவற்றில் தேங்கும் மழைநீரே இந்நுளம்பின் தொட்டில். டெங்கைப் பரப்புவதும் இதே இன நுளம்புதான். எனவே காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினாக் ஆகியவற்றைப் போடாதீர்கள். டெங்காக இருந்தால் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். அளவோடு பரசிற்றமோலும் நிறைய நீராகாரமும் எடுத்து, இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

• குந்துவதற்குப் பதிலாகச் சிறு மரக்குற்றியில் அமருங்கள்.

• மிதி கீழே நிற்கும்போது முழங்கால் சிறிது மட்டும் மடியுமளவுக்குச் சைக்கிள் ஆசனத்தை உயர்த்துங்கள்.

• காலை நீட்டி அமர்ந்து, தொடைத் தசையை இறுக்கி ஐந்து வரை எண்ணித் தளர்த்துங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை செய்யுங்கள். தொடை பலப்பட்டால் முழங்காலின் சுமை குறையும்.

• இரவில் இளஞ்சூட்டு ஒத்தணம் இதம் தரும்.

முழங்கால் வீங்கிச் சிவந்து, சூடேறிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காலையில் மூட்டுக்கள் அரைமணிக்கு மேல் விறைத்திருந்து, வாரக்கணக்கில் நீடித்தாலும் காட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரத்தின் பின் மூட்டு மாறி மாறி வலித்தால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். கவனியாது விட்டால் இருதய வால்வுகள் பழுதாகும்.

காணியையும் கருவிகளையும் விட்டு வந்த குடும்பத்துக்கு இளையவரின் உடலுழைப்பே முதல். அதை மழையின் கணக்கில் எழுதிவிட்டு இழந்துவிடலாகாது.