புரதப் பொடி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை, ஏமாந்தால் செய்ய வேண்டியவை

புரதப் பொடி சட்டப்படி மருந்தல்ல, உணவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டமும், அதன்கீழ் 2016இல் வந்த ஊட்டச்சத்து துணை உணவு விதிமுறைகளும் இதற்குப் பொருந்தும். மத்தியில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் விதிகளை வகுக்கிறது. புனே உள்ளிட்ட மகாராஷ்டிரப் பகுதிகளில் அவற்றை அமல்படுத்துவது எஃப்.டி.ஏ. எனப்படும் மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கினாலும், ஜிம் கவுண்டரிலோ ஆன்லைனிலோ வாங்கினாலும் வாங்குபவரின் உரிமை ஒன்றே.

எவ்வளவு தேவை?

ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். 60 கிராம் துவரம்பருப்பில் 13 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், 400 மில்லி பாலில் 13 கிராம் கிடைக்கும். மிச்சத்தைச் சப்பாத்தியும் சோறுமே கொடுத்துவிடும். முட்டை சாப்பிடாத வீட்டில் 25 கிராம் மீல் மேக்கர் அதை ஈடுகட்டும். மட்கி (நரிப்பயறு) உசல், கடலைமாவு பிட்லா, பல தானிய பாஜணி மாவில் தட்டும் தாலிபீட் என்று புனே சமையலிலும் புரதத்துக்குக் குறைவில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. சரியாகச் சாப்பிட முடியாத முதியவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள், கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் ஆலோசனையோடு இந்தப் பொடி பயன்படலாம்.

லேபிளில் ஒரு கணக்கு

ஸ்கூப்பின் எடையையும் அதிலுள்ள புரதத்தையும் ஒப்பிட வேண்டும். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் ‘வே’ புரதத்தில், நல்ல கான்சன்ட்ரேட் வகையின் அளவு இது. ஐசோலேட் வகையில் 90 சதவீதம் வரை இருக்கும். அதே ஸ்கூப்பில் 12 கிராம்தான் என்றால், மீதிக்கு என்ன கலந்திருக்கிறது என்பதைச் சேர்மானப் பட்டியலில் தேட வேண்டும். எடையில் அதிகமுள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரையோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ முதலிடத்தில் இருந்தால் பணம் அதற்குத்தான் போகிறது.

‘ஹை புரோட்டீன்’ என்று விற்கும் பிரெட், பிஸ்கட்டுகளையும் இப்படியே பார்க்கலாம். திட உணவில் இந்தச் சொல்லைப் போட, 100 கிராமில் ஒரு நாள் தேவையின் 20 சதவீதம், அதாவது சுமார் 11 கிராம் இருந்தால் போதும். சாதாரண கோதுமை மாவிலேயே ஏறத்தாழ அவ்வளவு உண்டு.

ஆபத்துகள்

இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2024இல் ‘மெடிசின்’ இதழில் வெளியானது. ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன.

வழக்கமான பரிசோதனை நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுகிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைச் சேர்த்தாலும் நைட்ரஜன் கூடும், கணக்கில் புரதமும் கூடும். எனவே இவை பட்டியலில் இருந்தால் அளவைக் கேட்பது நல்லது.

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் புரதப் பொடியைத் தொடக்கூடாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே கான்சன்ட்ரேட் வயிற்று உப்புசம் தரும். பட்டாணி, சோயா வகைகள் மாற்று. ஜிம்மில் பொடியோடு சேர்த்து ஊசி விற்றால் உடனே விலக வேண்டும். அறுவை சிகிச்சையின்போது விழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தப் பயன்படும் மெஃபென்டெர்மைன் ஊசி, புனேயில் ஜிம் இளைஞர்களுக்குக் கள்ளத்தனமாக விற்கப்பட்டுப் போலீசாரால் பறிமுதல் செய்யப்பட்டிருக்கிறது.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும்

14 இலக்க உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம், இறக்குமதிப் பொருளானால் இந்திய இறக்குமதியாளரின் முகவரி ஆகியவை டப்பாவில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் உணவு உரிம எண் அச்சிடப்பட வேண்டும். பில் தர மறுக்கும் கடையில் வாங்கக்கூடாது.

கொதிக்கும் பாலில் வே பொடியைப் போட்டால் கட்டி தட்டும், புரதம் அழிவதில்லை. குளிர்ந்த நீரில் கரைத்து, வெதுவெதுப்பான பாலிலோ கஞ்சியிலோ மோரிலோ சேர்க்கலாம். சப்பாத்தி மாவில் வே பொடி பிசுபிசுக்கும். சோயா மாவு அதற்கு ஏற்றது. மழைக்காலத்தில் ஈரக் கரண்டி படாமல், மூடியை இறுக்கி வைக்க வேண்டும்.

ஏமாந்தால்

டப்பா, பில், பேட்ச் எண்ணின் படம் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். மகாராஷ்டிர எஃப்.டி.ஏ.வின் 1800222365, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகியவற்றில் புகார் தரலாம். வாங்கிய உணவை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்க, உணவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்கியவருக்கு உரிமை தருகிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தால், அறிவித்துவிட்டு இன்னொரு டப்பா வாங்குவதே வழி. பொருள் தரமற்றது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், தரக்குறைவுக்கு 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

பணத்தைத் திரும்பப் பெறவும் இழப்பீடு கேட்கவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் புனேவாசி புனேயிலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் பதிவாக வேண்டும்.