ஒரு பொம்மை ரயில் 20 ஆயிரம் ரூபாயா? லண்டன் ஹாம்லீஸ் கடையில் அப்பாக்களுக்கு வியர்ப்பது ஏன்?

லண்டன்: லண்டனுக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க்காரர்கள் பிக்பென் கடிகாரத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கூட குழந்தைகள் இருந்தால் ரீஜண்ட் தெருவில் உள்ள ஹாம்லீஸ் பொம்மைக் கடைக்குள் நுழையாமல் திரும்ப முடியாது. மொத்தம் 7 தளங்கள். எங்கு திரும்பினாலும் பொம்மைதான். ஆனால் ரயில் செட் அடுக்கி வைத்திருக்கும் அலமாரி முன்னால் வந்ததும் அப்பாக்கள் விலைச் சீட்டைப் பார்த்து "அம்மாடியோவ்" என்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஹார்ன்பி கம்பெனியின் மின்சார ரயில் செட் ஒன்று இங்கிலாந்தில் சுமார் 100 பவுண்டில் தொடங்கி 200 பவுண்டைத் தாண்டிப் போகிறது. ஒரு பவுண்டு நம்ம காசுக்கு 100 ரூபாய்க்கு மேல். அப்படியானால் 10 ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து 20 ஆயிரம், 25 ஆயிரம் வரை போகிறது. திருவிழாக் கடையில் சாவி கொடுத்து ஓடவிடும் ரயிலை வாங்கிப் பழகியவர்களுக்கு இது தலை சுற்றும் விலை.

கடைக்காரன் கொள்ளை அடிக்கிறானா? இல்லை, பொருளுக்கே அந்த விலை உண்டா? விவரம் இதோ.

260 வருஷக் கடை

ஹாம்லீஸ் கடையை 1760ம் ஆண்டு லண்டனில் தொடங்கியவர் வில்லியம் ஹாம்லி. அப்போது கடையின் பெயர் 'நோவாவின் பேழை'. 1881ம் ஆண்டு ரீஜண்ட் தெருவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் 5 முறை குண்டு விழுந்தும் வியாபாரத்தை விடவில்லை. இப்போது இந்தக் கடை நம்ம நாட்டுக்காரர் கையில் இருக்கிறது. 2019ம் ஆண்டு முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் நிறுவனம் சுமார் 620 கோடி ரூபாய்க்கு இதை வாங்கியது.

ரயிலுக்கும் இந்தக் கடைக்கும் பழைய உறவு உண்டு. 1931ம் ஆண்டு ஹாம்லீஸை 'லைன்ஸ் பிரதர்ஸ்' என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. 1964ம் ஆண்டு ஹார்ன்பி ரயிலைத் தயாரித்து வந்த மெக்கானோ கம்பெனியும் அதே குழுமத்திடம் வந்து சேர்ந்தது. 1971ம் ஆண்டு லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்துப் போனது. ஆனால் ஹார்ன்பி பெயர் மட்டும் அழியவில்லை.

அன்றைக்கும் மலிவு இல்லை

ஹார்ன்பி என்பது ஒரு மனிதரின் பெயர். லிவர்பூல் நகரில் குமாஸ்தாவாக இருந்த பிராங்க் ஹார்ன்பி, தன் பிள்ளைகளுக்காகச் செய்த விளையாட்டுச் சாமான்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். 1901ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920ம் ஆண்டு சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விற்பனைக்குக் கொண்டு வந்தார். மின்சார ரயில் பிறகு வந்தது.

"அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரயில் விஷயத்தில் அது பொய். 1937ம் ஆண்டு ஹார்ன்பி வெளியிட்ட 'பிரின்சஸ் எலிசபெத்' என்ஜினின் விலை 5 கினி, அதாவது 105 ஷில்லிங். அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்தையும் தாண்டிய தொகை அது. ஆக, பொம்மை ரயில் என்றைக்குமே பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது.

விலை ஏறுவது எங்கே?

முதல் செலவு 'டை'. அம்பத்தூர், கோவை பக்கம் பிளாஸ்டிக் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு புது உருவம் வார்க்க வேண்டுமானால் முதலில் உலோக அச்சு வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு அச்சு வெட்டினால் லட்சக்கணக்கில் வார்க்கலாம், செலவு பரவிவிடும். ரயில் என்ஜின் அப்படி இல்லை. ஒரு முறைக்குச் சில ஆயிரம் மட்டும் தயாரிக்கிறார்கள். அச்சுச் செலவு முழுவதும் அந்தச் சில ஆயிரம் தலையில் விழுகிறது.

இரண்டாவது செலவு கை வேலை. இந்த ரயில்கள் நிஜ ரயிலில் 76ல் ஒரு பங்கு அளவு. 1923ம் ஆண்டு டான்காஸ்டர் பணிமனையில் உருவான 'பிளையிங் ஸ்காட்ஸ்மேன்' என்ஜின் நிஜத்தில் சுமார் 70 அடி நீளம். அதைச் சுமார் 28 சென்டிமீட்டரில் கொண்டு வர வேண்டும். கம்பி போன்ற கைப்பிடி, புகைபோக்கி, என்ஜின் நம்பர், பக்கவாட்டில் ஓடும் கோடு எல்லாமே இருக்க வேண்டும். சின்னச் சின்ன உதிரிகளைக் கையால்தான் பொருத்துகிறார்கள்.

மூன்றாவது, சீனா. ஹார்ன்பி ரயில்கள் முன்பு இங்கிலாந்தின் மார்கேட் நகரில் தயாரானவை. 1990களில் செலவைக் குறைக்க வேலையைச் சீனாவுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலம் விலை கட்டுக்குள் இருந்தது. பிறகு சீனாவிலும் கூலி ஏறியது. கப்பல் வாடகையும் சேர்ந்தது. மலிவு என்று தேடிப் போன இடமே மலிவாக இல்லாமல் போனது.

நான்காவது, வரி. இங்கிலாந்தில் குழந்தைகளின் உடுப்புக்கு 'வாட்' வரி கிடையாது. பொம்மைக்கு உண்டு, அதுவும் 20 சதவீதம். 240 பவுண்டு என்று எழுதியிருந்தால் அதில் 40 பவுண்டு அரசாங்கத்துக்குப் போகிறது. முன்பெல்லாம் வெளிநாட்டுப் பயணிகள் ஊர் திரும்பும்போது ஏர்போர்ட்டில் பில்லைக் காட்டி இந்த வரியைத் திரும்ப வாங்கி வந்தார்கள். 2021ம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து லண்டனில் அந்தச் சலுகை இல்லை. "பில்லைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அட்டைப்பெட்டி ஆரம்பம்தான்

விஷயமே இனிமேல்தான் இருக்கிறது. 200 பவுண்டு கொடுத்து வாங்கும் அட்டைப்பெட்டிக்குள் ஒரு என்ஜின், இரண்டு மூன்று ரயில் பெட்டிகள், வட்டமாகப் போட தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர் இருக்கும். அவ்வளவுதான். முதல் நாள் வீடே கொண்டாட்டம். இரண்டாம் வாரம் பையன் கேட்பான், "அப்பா, ஸ்டேஷன் எங்கே? தண்டவாளம் பிரிந்து போகாதா?"

பிரியும் தண்டவாளம், ஸ்டேஷன், கூடுதல் ரயில் பெட்டி எல்லாம் தனித்தனி விலை. நுணுக்கமாகச் செய்த பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின் தனியாகவே 200 பவுண்டுக்கு மேல் விற்கிறது. என்ஜினுக்குள் 'டிகோடர்' என்ற சின்ன சில்லு வைத்தால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம். நிஜ நீராவிச் சத்தமும் வேண்டும் என்றால் விலை இன்னும் ஏறும்.

இன்னொரு சிக்கல். ஒரு முறை தயாரித்தது விற்றுத் தீர்ந்துவிட்டால் அதே என்ஜின் மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிறகு செகண்ட் ஹேண்டில், கிராக்கிக்கு ஏற்ற விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டி வரும்.

வாங்கும் முன் பாருங்கள்

* வயது முக்கியம். மின்சார செட் பொதுவாக 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. 3, 4 வயதுக் குழந்தை கையில் கொடுத்தால் முதல் நாளே கைப்பிடிக் கம்பி உடையும். சின்னக் குழந்தைக்கு பேட்டரியில் ஓடும் ரயில் போதும், விலையும் குறைவு.

* அட்டையில் 'ஓஓ' என்று இருந்தால் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 'என்' என்று இருந்தால் 9 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. சேர்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

* 'ஓஓ' செட்டில் சின்ன வட்டம் போடவே ஏறக்குறைய 4 அடிக்கு 3 அடிக்கு மேல் இடம் வேண்டும். தரையில் போட்டால் தூசியும் முடியும் சக்கரத்தில் சுற்றும். ஒரு பலகை மேல் போடுவது நல்லது.

* ஹார்ன்பியிலேயே 'ரெயில்ரோடு' என்று ஒரு வரிசை உண்டு. நுணுக்க வேலை கொஞ்சம் குறைவு. விலையும் குறைவு. பிள்ளை கை பட்டால் தாங்கும்.

* ஊருக்குக் கொண்டு வருபவர்களுக்குக் கரன்ட் பிரச்சினை இல்லை. இங்கிலாந்திலும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். ஆனால் அவர்கள் பிளக்கில் தட்டையான 3 முள். அடாப்டர் ஒன்று வேண்டும்.

ஆக, ஹாம்லீஸில் ரயில் விலை அதிகமா என்றால் அதிகம்தான். ஆனால் அந்த விலையில் அச்சு வெட்டியவன் கூலி, சீனாவில் கம்பி ஒட்டிய பெண்ணின் கூலி, கப்பல் வாடகை, அரசாங்க வரி எல்லாம் இருக்கிறது. மீதிதான் லண்டனின் பெரிய கடைத்தெருவில் 7 மாடிக்கு.

பையன் கையைப் பிடித்து அந்தத் தளத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் வேண்டும் என்று ஆசைப்படுவது பிள்ளையா, நீங்களா? பிள்ளை என்றால் சின்ன செட் போதும். நீங்கள் என்றால், வீட்டுக்காரம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள்!