50 வாங்கினால் பாஸ், 55 இல்லாவிட்டால் எம்.எஸ்சி. இல்லை

எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பாதிக்கு மேல் பெங்களூரின் அல்சூர், ஜோகுபாளையம் பக்கத்திலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்து, இந்திரா நகர் மருத்துவமனைகளில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, நாலைந்து பேராக வீடெடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள் எழுதியவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பிரிட்ஜ் கோர்ஸ் முடித்திருக்கிறேன், எம்.எஸ்சி.க்குத் தகுதி உண்டா?' என்று கேட்கிறார் தங்கவயல் வாசகி ஒருவர். அவர் முடித்தது செவிலியருக்கான இக்னோவின் ஆறு மாதச் சமுதாய சுகாதாரச் சான்றிதழ். கிராமப்புற நல மையங்களில் சமுதாய சுகாதார அலுவலர் (சி.எச்.ஓ.) பணிக்கு ஆட்களைத் தயார் செய்வதற்காக வந்தது அது. பெயரில் 'பிரிட்ஜ்' இருந்தாலும் எம்.எஸ்சி. பக்கம் அது கொண்டுபோய் விடாது. ஜி.என்.எம். படித்தவருக்கு அதற்கான வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஒன்றுதான். கல்லூரியில் முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு.

போஸ்ட் பேசிக்கைப் 'பணியிலுள்ள செவிலியருக்கான உயர்வு' என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். பணியில் இருந்துகொண்டே அந்த உயர்வை அடைவது எவ்வளவு கடினம் என்பதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி போஸ்ட் பேசிக்கில் தேறுவதற்குத் தாளுக்கு 50 சதவீதம் போதும். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க மொத்தத்தில் 55 சதவீதம் வேண்டும். இரண்டு விதியும் ஒரே கவுன்சில் போட்டதுதான். நடுவே இருக்கும் அந்த ஐந்து சதவீதத்தில் விழுந்தவர் பட்டதாரி ஆகிவிடுகிறார். ஆனால் மேலே படிக்க முடியாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஐந்து சதவீதத் தளர்வு உண்டு என்பதால் அவர்களுக்கு இந்த இடைவெளி இல்லை.

அந்த ஐந்து மார்க் எங்கே போகிறது என்று பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. நூறு மார்க் தியரித் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. எழுத்துத் தேர்வில் ஒருவர் 38 வாங்குகிறார் என்று வையுங்கள். பாதிக்குச் சற்று மேல். இன்டர்னலில் 13 கிடைத்தால் மொத்தம் 51, பாஸ். அதே இன்டர்னல் 17 ஆனால் மொத்தம் 55; எல்லாத் தாளிலும் இப்படியே என்றால் எம்.எஸ்சி. வாசல் திறக்கிறது. இன்டர்னல் மார்க் கல்லூரியின் கையில் இருக்கிறது. மாதிரித் தேர்வு, அசைன்மென்ட், செமினார் எல்லாம் அதில் அடங்கும். நைட் டியூட்டி முடித்து, காலையில் அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கண் எரிய வகுப்புக்கு வருபவர் தவறவிடுவது இவற்றைத்தான்.

பாடங்களையும் பாருங்கள். முதல் ஆண்டில் நர்சிங் ஃபவுண்டேஷன், மெடிக்கல் சர்ஜிகல், தாய்சேய் நலம் எல்லாம் மறுபடி வருகின்றன. ஜி.என்.எம்.மில் படித்தவை, வார்டில் தினமும் செய்பவை. கூடவே உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உளவியல். ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும், நர்சிங் கல்வியும் நிர்வாகமும் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன. எம்.எஸ்சி. படிக்க உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியவை இவைதான். அமெரிக்காவில் டிப்ளமோ, அசோசியேட் பட்டம் பெற்ற செவிலியர் நேராக முதுநிலைக்குப் போகும் பிரிட்ஜ் படிப்புகளில் விடுபட்ட பாடங்களை மட்டும் முடித்து மேலே ஏறுகிறார்கள். இங்கே தெரிந்ததையும் திரும்பப் படித்து, அதில் வாங்கும் மார்க்கையும் மொத்தத்தில் சேர்த்து, அந்த மொத்தத்தை வைத்துத் தடுக்கிறோம். பத்து வருடம் ஐ.சி.யு. பார்த்தவரை ஆராய்ச்சித் தாளை வைத்தோ நுழைவுத் தேர்வை வைத்தோ அளக்கட்டும். உயிர்வேதியியலில் வாங்கிய 51 அவரை நிறுத்துவது நியாயமில்லை.

இந்த நெருக்கடியைப் பார்த்துத்தான் 'நான்-அட்டெண்டிங்' ஏஜென்டுகள் வருகிறார்கள். வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்பார்கள். விதிப்படி தேர்வெழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கைக்கு வரும் முன் செய்முறைப் பயிற்சியில் நூறு சதவீதமும் முடித்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் காத்திருக்கிறது. எம்.எஸ்சி.க்கு ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அது படிப்புக்கு முன்போ பின்போ இருக்கலாம். வேலையை விடாமல் 'ரெகுலர்' படித்ததாகக் காட்டியவரின் அனுபவச் சான்றிதழில் உள்ள தேதியும் கல்லூரித் தேதியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். சரிபார்ப்பு மேஜையில் இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் முடிந்தது கதை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் தர முடிகிறது.

நான்கு வருட பி.எஸ்சி. படித்தவருக்கு அனுபவ விதி என்ன? அனுபவம் பட்டத்துக்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும்; முன்னால் செய்த வேலை கணக்கில் வராது.

இக்னோவின் தொலைநிலை போஸ்ட் பேசிக் பரவாயில்லையா? மூன்று வருடப் படிப்பு, பணியில் இருப்பவருக்கானது. பிளஸ் டூவுடன் ஜி.என்.எம். முடித்தவருக்கு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேரப் போகிறீர்களோ, அது ஏற்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவு இங்கே செல்லுமா? கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

2023-ல் வந்த தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 55-ஐக் குறைக்குமா? 1947-ன் பழைய இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்தது அது. தகுதி மார்க்கைப் புதிய சட்டம் தானாகக் குறைக்கவில்லை.

நர்சிங் ஹோமில் ஆர்டரே தராமல் வேலை வாங்கினார்கள், அனுபவத்தை எப்படிக் காட்டுவது? சம்பளம் வங்கியில் வந்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டோடு போய், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் குறித்த சான்றிதழை லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, முத்திரையோடு இப்போதே கேளுங்கள்.