ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

ஆர்டுயினோ ஊனோ பலகையைக் கொண்டு, பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்ய முயன்றதுண்டா? குரலை அமுக்கிக்கொண்டு 'ஙொய்' என்ற ரீங்காரம் எழுந்திருக்கலாம். உடனே ஒலிபெருக்கியைக் குறை கூறாதீர்கள்!

பலகையிலுள்ள சில்லின் முனைக்கு இரண்டே நிலைகள்: 0 வோல்ட் அல்லது 5 வோல்ட். 2.5 வோல்ட் வேண்டுமானால், பாதி நேரம் 5 வோல்ட்டும் பாதி நேரம் 0 வோல்ட்டுமாக அது துடிக்கிறது. துடிப்பின் அகலம் மாறினால் சராசரி மின்னழுத்தமும் மாறும். இதுவே துடிப்பு அகலப் பண்பேற்றம். குழாயை விரைவாகத் திறந்து மூடி, வாளியில் விழும் நீரைக் கட்டுப்படுத்துவது போன்றது இது. குழாயைத் திறந்து மூடும் ஓசையும் கூடவே கேட்கும் அல்லவா?

ஓர் எளிய சோதனை செய்யுங்கள். குரலை நிறுத்தி, 128 என்ற எண்ணையே தொடர்ந்து முனைக்கு அனுப்புங்கள். 0 முதல் 255 வரையுள்ள அளவில் இது நடுநிலை, அதாவது மௌனம்.

அப்போதும் ரீங்காரம் நீடித்தால் துடிப்பே காரணம். 3, 11ஆம் முனைகள் வழக்கமாக நொடிக்குச் சுமார் 490 முறை துடிக்கின்றன. நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்! குரலைத் தாங்கவும் அந்த வேகம் போதாது. சில்லின் கடிகாரத்தை வகுக்காமல், வேகத் துடிப்பு முறையில் டைமரை இயக்குங்கள். 1,60,00,000 ÷ 256 = 62,500 ஹெர்ட்ஸ். இது செவிக்கு எட்டாது.

எனினும் அத்துடிப்பு ஒலிப்பெருக்கச் சுற்றைத் திணறடிக்கலாம். எனவே 1 கிலோ ஓம் மின்தடையையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் கொண்டு ஒரு வடிகட்டி அமையுங்கள். அதன் வெட்டு அதிர்வெண், 1/(2πRC), சுமார் 3,400 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு இது போதும். 62,500 ஹெர்ட்ஸ் துடிப்போ ஏறக்குறைய 18இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மௌனத்தில் இன்னும் கரகரப்பு உண்டா? கணினியின் யு.எஸ்.பி. வடத்தைக் கழற்றிவிட்டு பாட்டரியால் இயக்குங்கள். கரகரப்பு மறைந்தால், முன்பு வந்த 5 வோல்ட் சீராக இல்லை என்று பொருள். 128 நிலையில் அதன் ஏற்ற இறக்கத்தில் பாதி வெளியீட்டிலும் தோன்றும்.

மௌனத்தில் அமைதி, பேசும்போது மட்டும் சீறலா? 256 படிகளுக்குள் குரலை அடக்குவதால் விளையும் பிழை அது. வடிகட்டியால் அதை முழுதும் நீக்க இயலாது. படிகள் அனைத்தும் பயன்படுமாறு உரக்கப் பதிவு செய்வதே வழி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் இரைச்சல் நிற்கலாம், காரணம் புலப்படாது.

மின்தேக்கியை 0.1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் வெட்டு அதிர்வெண் என்ன? குரல் எப்படி மாறும்? கணக்கிட்டபின் கேட்டுப் பாருங்கள்.