கொல்லையில் ஒரு பீட்சா அடுப்பு

"புகைபோக்கி நடு உச்சியிலதானே சார்?" என்றார் கொத்தனார். இல்லை, வாசலுக்கு மேலே, முன்பக்கம். சூட்சுமமே அதில்தான். அப்போதுதான் பின்னால் எரியும் தீ குவிமாடத்தைத் தழுவி முன்னால் வந்து, சூட்டைச் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறும். வாசல் உயரம் மாடத்தின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதம். கூடினால் சூடு ஓடிவிடும், குறைந்தால் புகை திணறும்.

உள்ளே ஃபயர் பிரிக்தான். மாடத்துக்குச் சூளைச் செங்கல் போதும் என்பாரும் உண்டு. தரைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். வெறும் சிமென்ட் கலவை அந்தச் சூட்டில் உதிரும், அதனால் ஃபயர் கிளே கலவை. தரைக்கு அடியில் வெர்மிகுலைட் கான்கிரீட், மாடத்தின் மேல் செராமிக் கம்பளி. இங்கே மிச்சம் பிடிக்கும் காசு விறகுக்குப் போய்விடும்.

கட்டியதும் பெருந்தீ மூட்டினால் உள் ஈரம் ஆவியாகி வெடிப்பு விடும். ஒரு வாரமாவது சிறு தீ, தினமும் கொஞ்சம் கூட்டி.

மாடத்தில் படிந்த கரி எரிந்து செங்கல் வெளுத்தால் அடுப்பு தயார். நேப்பிள்ஸ் பாணிக்குத் தரை 430 டிகிரி செல்சியஸ் வேண்டும். பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். மறுநாள் மிச்சச் சூட்டில் பன் சுடலாம். எங்கள் வீட்டில் அதற்குத்தான் கிராக்கி.