சிலுவை சுமப்பவர்கள் – 9: தங்கவயல் தீர்ப்பு

காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் ஓசூர் சிப்காட்டின் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்து வழக்கு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களால் உருவான ஊர். 1967 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தனித்தொகுதியில் எஸ்.ராஜகோபால் ஜெயித்தார். தோற்ற சி.எம்.ஆறுமுகம் வழக்குப் போட்டார்: ராஜகோபால் 1949-லேயே கிறிஸ்தவராகிவிட்டவர், தனித்தொகுதியில் எப்படி நிற்கலாம்? உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் ராஜகோபாலின் பதவி பறிபோனது. 1972-ல் அதே தொகுதி. மறுபடியும் ராஜகோபால் ஜெயித்தார், ஆறுமுகம் வழக்குப் போட்டார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இம்முறை ராஜகோபால் பக்கம் நின்றது: இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சொந்த சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பிவிடும். மதம் மாறினால் போகிற சாதி, திரும்பி வந்தால் காத்திருக்கிறது! இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தும் எனக்கு ஆறவில்லை.

வேர், 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பங்க் கடை தனக்கும் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தோற்றார். அதே ஊசி, அதே தோல். ஞானஸ்நானம் ஒன்றுதான் வித்தியாசம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை தனித்தொகுதி. ஞானஸ்நானம் எடுத்த ஆதிதிராவிடர் அங்கே வேட்பாளராக முடியாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சேரி மாறவில்லை, ஆனால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுப்பதில்லை. அதனால்தான் கோயிலில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்கிறவர்கள் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையின் படிப்பை எடுத்து விசுவாசத்தின் தராசில் வைக்கச் சொல்கிறது சட்டம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்துக்கே மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அப்படிச் சொல்ல வைத்த ஆணை அப்படியே இருக்கிறது.

தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. அதை நிறைவேற்ற வேண்டியது நாடாளுமன்றம். சிலுவையைச் சீடன் தானாக எடுத்துச் சுமக்கட்டும். அரசாங்கம் அதற்கு வரி போடக் கூடாது. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட், அடுத்த வாரம்.

(தொடரும்)